சாய்தளம் இருக்கு, ஏற முடியலை: அணுகல் விதிகள் என்ன சொல்லுது?

"மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் இருக்குன்னு சொல்றீங்க. எங்க ஊர் ஆபீஸ்ல சாய்தளமும் இருக்கு. ஆனா அதுல யாராலயும் ஏற முடியலையே, ஏன்?" இப்படி ஒரு நேயர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் சட்டம்.

முதல்ல கணக்கு. நம்ம நாட்டு வழிகாட்டு நெறிமுறைகள்படி ஒரு சாய்தளத்தோட சரிவு 1-க்கு 12. அதாவது ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும். ஒரு ஆபீஸ் வாசல்ல மூணு படி இருக்குன்னு வைங்க. படிக்கு 6 அங்குலம், மொத்தம் ஒன்றரை அடி. அப்போ சாய்தளம் 18 அடி நீளம் இருக்கணும். மேலேயும் கீழேயும் நாற்காலி நிற்க, திரும்ப சமதளம் தனி. சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப சுமார் 1500 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும்.

நிஜத்துல என்ன நடக்குது? படிக்கட்டு ஓரமா ஆறு அடிக்கு சிமென்ட் கொட்டி சரிவு போட்டுடறாங்க. அது 1-க்கு 4. வீட்டு வாசல்ல பைக் ஏத்தப் போடுவோமே, கிட்டத்தட்ட அந்தச் சரிவு. தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிட்டு வர்றவங்க அதுல ஏறினா நாற்காலி பின்பக்கமா சாயும். இறங்கும்போது பிடிச்சு நிறுத்த முடியாது. பின்னாடி ரெண்டு பேர் பிடிச்சாத்தான் ஆகும். ரெண்டு பேர் பிடிக்கணும்னா படியிலேயே தூக்கிட்டுப் போயிடலாமே, அப்புறம் எதுக்கு சாய்தளம்?

அளக்கும் டேப்போட அரசு கட்டடங்களைப் பார்க்கப் போற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு அலுவலகத்துல சாய்தளத்தோட சரிவு சரியாவே இருந்துச்சு. கைப்பிடியும் ரெண்டு பக்கமும் இருந்துச்சு. ஆனா வழி முழுக்க பூந்தொட்டி, மேலே இருந்த கதவுக்குப் பூட்டு. சாவி யார்கிட்டன்னு கேட்டா, "அவர் லீவு"ன்னாங்க. இதுவும் புகைப்படத்துல 'சாய்தளம் உள்ளது'ன்னுதான் வரும்.

அணுகல்னா சக்கர நாற்காலி மட்டும் இல்லை. 2016 சட்டம் 21 வகை குறைபாடுகளை அங்கீகரிக்குது. டோக்கன் நம்பரை வாயால மட்டும் கூப்பிடற கவுன்ட்டர்ல, காது கேளாத ஒருத்தர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம், அவர் முறை போயிருக்கும். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்காகப் பதிக்கிற மஞ்சள் தொட்டுணர் கற்கள் நேராகப் போய் ஒரு மின்கம்பத்துல முடியறதை நீங்களே பார்த்திருப்பீங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 40, அணுகல் தரங்களை ஒன்றிய அரசு விதியாக வகுக்க வேண்டும் என்கிறது. பிரிவு 44-தான் என் கணக்குல ரொம்ப முக்கியமானது. அந்த விதிகளின்படி இல்லாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி கிடையாது, கட்டி முடிச்சாலும் நிறைவுச் சான்றிதழ் கிடையாது. பிரிவு 45: ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். பிரிவு 46: அரசோ தனியாரோ, சேவை தருகிற எல்லோருக்கும் இரண்டு ஆண்டு கெடு. மீறினால் பிரிவு 89-ன்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000-லிருந்து 5 லட்சம் வரை அபராதம்.

விதிகள் 2017 ஜூன் 15-ல் வந்தன. அப்போ சேவைகளுக்கான கெடு 2019 ஜூன்லயும், கட்டடங்களுக்கான கெடு 2022 ஜூன்லயும் முடிஞ்சுடுச்சு. முடிஞ்சும் ஏன் ஒண்ணும் ஆகலை?

இங்கேதான் சிக்கல். அந்த விதிகள்ல 15-வது விதி, தானாக ஒரு அளவையும் சொல்லலை. கட்டடத்துக்கு அந்த நெறிமுறையைப் பாருங்க, பேருந்துக்கு இதைப் பாருங்க, இணையதளத்துக்கு வேற ஒண்ணைப் பாருங்கன்னு கை காட்டிட்டுப் போயிடுச்சு. கை காட்டப்பட்ட ஆவணங்களோ, 'வழிகாட்டு' நெறிமுறைகள். அவற்றோட மொழி பல இடத்துல 'செய்வது நல்லது' என்கிற தொனியில இருக்கும். 'செய்தே ஆகணும்' எது, 'செய்தா நல்லது' எதுன்னு பிரிச்சே எழுதலை. சட்டம் கட்டாயம் என்கிறது, விதி பரிந்துரை என்கிறது. அப்போ ஒரு பொறியாளர் எதை வெச்சு ஒரு வரைபடத்தை நிராகரிப்பார்? எதை மீறினதா அபராதம் போடுவார்?

இதைத்தான் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிடிச்சது. பார்வைக் குறைபாடுள்ள அவர் மனு போட்டது 2005-ல். 2017 டிசம்பர் 15-ல் நீதிமன்றம் விரிவான உத்தரவுகள் போட்டது. அது எவ்வளவு நடந்திருக்குன்னு பார்க்க, பிறகு ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்திடம் அறிக்கை கேட்டது. அப்புறம் 2024 நவம்பர் 8-ல், அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 15-வது விதியின் முதல் உட்பிரிவு தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களைத் தனியாகப் பிரித்து விதியாக்க மூன்று மாதம் கொடுத்தது. அது வந்த பிறகு, நிறைவுச் சான்றிதழை நிறுத்தி வைப்பது, அபராதம் போடுவது எல்லாம் நடக்க வேண்டும்; அதுவரை 2017 உத்தரவுப்படியான வேலைகள் நிற்கக் கூடாது என்றும் சொன்னது.

சிலர் இதை 'விதி ரத்து'ன்னு படிச்சுட்டு, இனிமே கட்டாயம் இல்லைன்னு நினைச்சுக்கறாங்க. நேர் எதிர். போதுமான அளவு கட்டாயமா இல்லாததாலதான் அது ரத்தாச்சு.

கட்டடத்துக்கு வாசல் மாதிரி, இன்னைக்கு அரசு சேவைக்கு வாசல் இணையதளம். இங்கே சாய்தளம் கண்ணுக்குத் தெரியாது, அதனால குறையும் தெரியாது. பார்வையற்றவங்க ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் மூலமா பக்கத்தைக் காதால கேட்கறாங்க. கணினியில இலவசமாக் கிடைக்கிற என்விடிஏ, போன்ல டாக்பேக். அரசாணையை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்-ஆ ஏத்தினா, அது வெறும் படம். எழுத்து எதுவும் இல்லாத பக்கம்தான் ஸ்கிரீன் ரீடருக்கு. ஆவணங்கள் இ-பப் வடிவிலோ, எழுத்தை உணரக்கூடிய பிடிஎஃப்-ஆகவோ இருக்கணும்னு 2017 விதியிலேயே எழுதியிருந்தது.

தமிழுக்கு இதுல தனிச் சிக்கல் ரெண்டு இருக்கு. பழைய எழுத்துரு குறியாக்கத்துல தட்டச்சு பண்ணின கோப்பு கண்ணுக்குத் தமிழாத் தெரியும்; உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும், ஒரு வார்த்தை புரியாது. யூனிகோடுக்கு மாறணும், வேற வழி இல்லை. இரண்டாவது, பக்கத்தோட நிரல்ல 'இது தமிழ்' என்கிற மொழிக்குறிப்பு. அது ஒரே ஒரு வரி. அது இல்லேன்னா ஆங்கிலக் குரலே தமிழையும் படிக்க முயற்சி பண்ணிட்டிருக்கும்.

அரசு தளங்களுக்கான 2023-ம் ஆண்டு நெறிமுறைகள், உலக அளவில் டபிள்யூ-சி-ஏ-ஜி 2.1 எனப்படும் தரத்தின் 'ஏஏ' நிலையைப் பின்பற்றச் சொல்லுது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு, படங்களுக்கு மாற்று உரை, மவுஸ் இல்லாம விசைப்பலகையாலேயே எல்லாம் செய்ய முடியறது. நீங்களே சோதிக்கலாம். மவுஸைத் தள்ளி வெச்சுட்டு டேப் விசையை மட்டும் அழுத்தி ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்க. பெரும்பாலும் படத்துல எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்ற கேப்சாவுல வந்து நிற்கும்.

2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போச்சு. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் ஒரு பார்வை மாற்றுத்திறனாளியும் தொடுத்த வழக்குகள். வங்கிக் கணக்குக்கான ஆன்லைன் சரிபார்ப்பில் 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்கும்போது, சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்? டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, 20 வழிகாட்டுதல்களைத் தந்தது நீதிமன்றம்.

சரி, நேயருக்கு என்ன வழி? புதுக் கட்டடம்னா, நிறைவுச் சான்றிதழ் கொடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. பழசுன்னா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி, அணுகல் தணிக்கை நடந்ததா, அறிக்கை எங்கேன்னு கேட்கலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட புகார் கொடுக்கலாம். அவர் பரிந்துரை பண்ணினா, சம்பந்தப்பட்ட துறை நடவடிக்கை எடுத்து மூன்று மாதத்துல தெரிவிக்கணும். ஏற்கலைன்னா அதுக்குக் காரணம் சொல்லணும்.

புகார்ல 'சாய்தளம் சரியில்லை'ன்னு மட்டும் எழுதாதீங்க. டேப் எடுத்துட்டுப் போங்க. "உயரம் 45 சென்டிமீட்டர், இருக்கிற நீளம் 180, இருக்க வேண்டிய நீளம் 540, ஒரு பக்கம் கைப்பிடி இல்லை, மேல் கதவு பூட்டியிருந்தது, தேதி இது"ன்னு எழுதி, படத்தோட அனுப்புங்க.