கோபுரத்துக்குள் பிடிபட்ட காற்று

தாமிரபரணியோடு கடனாநதி கலக்கும் இடம் திருப்புடைமருதூர். கரையில் நாறும்பூநாதர் கோயில். அதன் ஐந்து நிலைக் கோபுரத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். பார்க்க வேண்டியதோ உள்ளே இருக்கிறது. நிலைதோறும் செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள், உத்தரங்கள்; சுவர் முழுக்க நாயக்கர் கால ஓவியங்கள். யார் தீட்டியது? பெயர் தெரியாது.

அந்த ஓவியரின் துணிச்சலைப் பாருங்கள். கோயில் சுவரில் புராணக் கதைகள் இருப்பது வழக்கம். இவரோ குதிரைகளை ஏற்றிவரும் கப்பலையும் வரைந்தார். யானைப்படை, குதிரைப்படை மோதும் போரையும் வரைந்தார். அது 1532-இல் விஜயநகர அச்சுதராயரின் படைக்கும் வேணாட்டுத் திருவடி அரசருக்கும் நடந்த தாமிரபரணிப் போர் என்கிறார் ஆய்வாளர் சா. பாலுசாமி. அப்படியானால், தெய்வக் கதைகளுக்குப் பக்கத்திலேயே சொந்த மண்ணின் அண்மைக்கால அரசியலுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

வண்ணங்களைக் கவனியுங்கள். நாயக்கர் கால ஓவியங்களில் மேலோங்கி நிற்பது காவிச் சிவப்பு. அது இரும்பு ஆக்சைடு, அதாவது இரும்பின் துரு. ஏற்கெனவே துருவாகிவிட்ட பொருளில் இனி மாறுவதற்கு அதிகமில்லை. செடிச் சாயம்போல வெயிலில் எளிதில் வெளுக்காது.

வண்ணத்துக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக் காரைதான் எனக்குப் பெரிய வியப்பு. சிப்பியையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாசலில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சும் 56 கிலோவை நீரூற்றி நீற்றி, மணல் சேர்த்துச் சுவரில் பூசுகிறார்கள். பூச்சு உலர்வதோடு வேலை முடிவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. இதற்குக் கார்பனேற்றம் என்று பெயர். காளவாசலில் இழந்த அதே 44 கிலோ காற்றிலிருந்து திரும்ப வர வேண்டும். அன்றைய காற்றில் 10,000 லிட்டருக்கு மூன்று லிட்டர்கூட அந்த வாயு இல்லை. கணக்குப் போட்டால், பத்தடி நீள, அகல, உயரமுள்ள சுமார் 3,000 அறைகளின் காற்றிலிருந்து சேர்த்தாக வேண்டும்!

ஆக, ஓவியர் காலத்துக் காற்றின் ஒரு பங்கு அந்தச் சுவரில் கல்லாகி நிற்கிறது. அந்தக் கல்லைக் கொண்டு காலமும் கணிக்கலாம். காற்றிலுள்ள கரியணுக்களில் மிகச் சொற்பம் கதிரியக்கக் கார்பன். 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். 450 ஆண்டுகளில் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்திருக்கும். சிப்பியிலும் கல்லிலும் இருந்த பழைய கார்பன் காளவாசலிலேயே வெளியேறிவிடுவதால், கடிகாரம் பூச்சு வேலை நடந்த நாளிலிருந்து புதிதாக ஓடத் தொடங்குகிறது.

ஒரு கிராமுக்கும் குறைவான காரைத் துணுக்கு போதும். ஆனால் வண்ணத்துக்கு நேர் அடியிலுள்ள பூச்சாக இருக்க வேண்டும். சரியாக வேகாத சுண்ணாம்புக்கல் துகள் கலந்திருந்தால் கணக்கு பல நூற்றாண்டு பின்னுக்குப் போய்விடும். மழைநீர்க் கசிவும் வௌவால் எச்சமும் இத்தகைய பூச்சை அரித்துவிடக்கூடியவை. அதற்கு முன்பே, ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் துணுக்குகளையாவது ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.