கழுத்தில் தொங்கும் பை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் தொழிற்சாலை வாயில்களில், காவற்காரர் போடும் சோற்றை உண்டு அவருக்கு இராத்துணையாகக் கிடக்கும் நாய்களுள் ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே மெத்தென்ற வீக்கம் ஒன்று தோன்றி, நாளடைவில் பருத்து, நடக்கையில் ஆடத் தொடங்குமானால், கண்டவர்கள் அதைச் சீழ்க்கட்டி என்றே தீர்மானித்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதும், சிலர் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதும் உண்டு. சூடு போடுவதைப் போன்ற வீண் கொடுமை வேறில்லை.

சீழ்க்கட்டியாயின் தொட்டால் பிராணி வலியால் சீறும், ஜுரமும் இருக்கும். வலியே இல்லாமல், நீர் நிறைந்த பைபோல் குழையும் வீக்கத்தில் பெரும்பாலும் இருப்பது உமிழ்நீர். நாய்க்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் நான்கு ஜோடி. அவற்றுள் தாடைக்கோணத்தை அடுத்ததும் நாவின் அடியிலுள்ளதுமான சுரப்பிகளோ அவற்றின் நாளங்களோ கிழிந்துவிட்டால், வாய்க்குச் செல்லவேண்டிய உமிழ்நீர் சதைக்குள் கசிந்து தேங்க, சரீரம் அதைச் சுற்றி ஒரு சவ்வை எழுப்பிக்கொள்கிறது. கழுத்துப்பட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதும், கடிபடுவதும், மென்ற குச்சி வாய்க்குள் குத்துவதும் காரணமாகலாம். பல சமயங்களில் காரணம் புலப்படுவதே இல்லை. ஜெர்மன் ஷெப்பர்டு, பூடில் ஜாதிகளுக்கு இது அதிகம், பூனைகளுக்கு அபூர்வம்.

வைத்தியர் வீக்கத்தின் மேலுள்ள மயிரை மழித்துச் சுத்தம் செய்து, மெல்லிய ஊசியால் சிறிது இழுத்துப் பார்ப்பார். தேன் நிறத்திலோ இரத்தம் கலந்தோ வரும் அந்தத் திரவத்தை இரு விரல்களுக்கிடையே வைத்துப் பிரித்தால் நூலாக நீளும். நோய் நிர்ணயத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். நடுக்கழுத்தில் தொங்கும் பை எந்தப் பக்கத்துச் சுரப்பியினுடையது என்ற சந்தேகம் எழுந்தால், நாயை மல்லாக்கக் கிடத்துவார்கள். பை தனக்குரிய பக்கமாகச் சாயும். உமிழ்நீர் அல்லாதது வந்தால் விசாரணை வேறு திசையில் செல்லவேண்டும்: கெட்டியான நிணநீர்க் கழலை புற்றாகவும் இருக்கலாம், நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே வரும் கிழப்பூனையின் தொண்டைக் கட்டி தைராய்டு சுரப்பியினுடையதாக இருக்கலாம், சண்டைக்காரப் பூனைக்கோ பெரும்பாலும் பல் பதிந்த இடத்துச் சீழ்தான்.

உமிழ்நீரை வடித்துவிட்டால் பை அன்றே சுருங்கும். ஆனால் ஊற்றை விட்டுவிட்டுத் தண்ணீரை இறைப்பதுபோல், சில நாட்களில் மறுபடி நிரம்பும். ஆகையால், பழுதுபட்ட பக்கத்தின் தாடைக்கோணச் சுரப்பியையும் நாவடிச் சுரப்பியையும், ஒரே உறையில் ஒட்டிக் கிடப்பவையாதலால், சேர்த்தே ரண சிகிச்சையால் நீக்கிவிடுவதுதான் நிலையான பரிகாரம். எஞ்சிய சுரப்பிகளே போதுமாதலால் பிராணியின் வாய் உலர்வதில்லை. உள்ளே ஊறும் நீர் வடியச் சில நாட்களுக்கு ஒரு சிறு குழாய் வைத்திருப்பார்கள். அதை நாய் பிறாண்டாமல் காப்பதே வீட்டாருக்குப் பெரிய வேலை.

மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் தேவைப்படும் இத்தகைய காரியங்களுக்கு, உள்ளூர் மருந்தகத்தில் காட்டிய பின், கும்மிடிப்பூண்டிக்காரர் கல்கத்தா நெடுஞ்சாலை வழியே சென்னைக்கு வண்டி பிடித்து, 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குச் செல்லலாம். தெருநாயாயின் வாய்க்கட்டுப் போட்டே வண்டியில் ஏற்றவேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத நாயின் வாயருகே கைவைப்பது விவேகமன்று.

காத்திருக்க இடந்தராத வகையும் ஒன்று உண்டு. உமிழ்நீர் கழுத்தில் இறங்காமல் தொண்டையின் உட்சுவரில் தேங்கினால், வெளியில் வீக்கமே தெரியாமல் நாய்க்கு மூச்சுத் திணறும். அப்படிப்பட்ட நாயை எந்த நேரமானாலும் உடனே கொண்டுபோக வேண்டும்.