கண்சிமிட்டும் மீட்டர்

எங்கள் அடுக்ககத்தில் மாடிப்படிக்கு அடியில், சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்கு மேலே, சுவரில் வரிசையாக எட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. எட்டு வீட்டின் ஈ.பி. மீட்டர்கள். கோபாலபுரத்தின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் மீட்டருக்கு இடம் அதுதான். போன வாரம் சைக்கிளை எடுக்க வந்த மேல்வீட்டுச் சிறுமி என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கேள்வி கேட்காமல் நகரமாட்டாள்.

"தாத்தா, நான் போன்ல வீடியோ பார்த்தா சார்ஜ் குறையுது. திரும்ப சார்ஜ் போட்டா நம்ம மீட்டர்ல ஏறுது. ஆனா அந்த வீடியோ இருக்கிற கம்ப்யூட்டர் வேற எங்கேயோ இருக்கே, அதோட கரண்ட் யார் மீட்டர்ல ஏறுது?"

பெரியவர்கள் பலருக்குத் தோன்றாத கேள்வி. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், தம்பி தங்கைகளே.

'கிளவுட்' என்று பெயர் வைத்துவிட்டதால், நம் படங்களும் பாட்டுகளும் ஏதோ மேகத்தில் மிதப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை கட்டடங்களுக்குள் இருக்கின்றன. நம் ஊரிலேயே சிறுசேரி சிப்காட்டிலும் அம்பத்தூரிலும் அப்படிப்பட்ட பெரிய கட்டடங்கள் உண்டு. தரவு மையங்கள் என்று பெயர். சென்னையில் இவை பெருகியதற்குக் கடலும் ஒரு காரணம். வெளிநாடுகளிலிருந்து கடலடியில் வரும் கண்ணாடி இழைக் கேபிள்கள் சில நம் கரையில்தான் ஏறுகின்றன. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். 2021-ல் தமிழ்நாடு அரசு தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

இந்தக் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர்கள் பீரோ உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இப்போது ஒரு கணக்கு. வீட்டு இஸ்திரிப்பெட்டி ஏறக்குறைய 1,000 வாட் எடுக்கும். கம்ப்யூட்டர் நிறைந்த ஓர் அடுக்கு 10,000 வாட்கூட எடுக்கலாம். கம்ப்யூட்டருக்குள் போகும் மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் வெப்பமாகிவிடும். ஒரு பீரோவுக்குள் பத்து இஸ்திரிப்பெட்டிகளைச் சூடேற்றி, இரவு பகல் அணைக்காமல் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட பீரோக்கள் நூற்றுக்கணக்கில், அதுவும் சென்னையின் மே மாதத்தில்! அந்த வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்ட ஏசி வேண்டும், விசிறி வேண்டும், தண்ணீர் இறைக்கும் பம்பு வேண்டும். அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும்.

கம்ப்யூட்டர்கள் 100 யூனிட் செலவழித்தபோது, கட்டடத்தின் மொத்த மீட்டர் 150 யூனிட் காட்டுகிறது என்று வையுங்கள். 150-ஐ 100-ஆல் வகுத்தால் 1.5. இந்த எண்ணுக்குப் பி.யூ.இ. என்று பெயர். 'கிரீன் கிரிட்' என்ற அமைப்பு 2007-ல் இதை உலகம் முழுவதும் பரப்பியது. 2016-ல் சர்வதேசத் தர அளவாகவும் ஆனது. கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதற்கும் துளி மின்சாரமும் செலவாகாவிட்டால் விடை 1. அதற்குக் கீழே போகவே முடியாது. 2007-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் சராசரி 2.5 வந்தது. அதாவது, 100 யூனிட் வேலைக்கு மேற்கொண்டு 150 யூனிட் செலவு! சில ஆண்டுகளாக அந்தச் சராசரி 1.6-ஐ ஒட்டி நிற்கிறது. கூகுள் தன் பெரிய மையங்களில் 1.1 வரை இறக்கியிருக்கிறது.

எப்படி இறக்கினார்கள்? இதற்கு நம் பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. கோபாலபுரத்திலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால் ஐஸ் ஹவுஸ் வரும். இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் வட்ட வடிவக் கட்டடம். 1842-ல் பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர் ஐஸ் சேமித்துவைக்கக் கட்டியது. அந்த ஐஸ், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுக்கப்பட்டு, மாதக்கணக்கில் கப்பலில் வந்தது. வெயில் கொளுத்தும் கடல்களைத் தாண்டி வந்தும் எல்லாம் உருகிவிடவில்லை. கட்டிகளைச் சுற்றி மரத்தூளை அடைத்திருந்தார்கள். தூளுக்குள் சிக்கிய காற்று, வெளிவெப்பத்தை உள்ளே விடவில்லை. டியூடரிடம் குளிர்விக்கும் இயந்திரம் எதுவும் கிடையாது. சூட்டையும் குளிர்ச்சியையும் கலக்கவிடாமல் பிரித்துவைத்தார், அவ்வளவுதான்.

தரவு மையத்திலும் முதல் வைத்தியம் அதுதான். கம்ப்யூட்டர் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்து, பின்பக்கம் சூடான காற்றை ஊதும். வகுப்பறை பெஞ்சுகளைப் போல எல்லா அடுக்குகளையும் ஒரே திசை பார்த்து நிறுத்தினால், முன்வரிசை ஊதும் சூட்டைப் பின்வரிசை இழுத்துக்கொள்ளும். பாவம், அதற்கு மூச்சு முட்டும். அதனால் இரண்டிரண்டு வரிசைகளை முகத்துக்கு முகம் பார்க்க நிறுத்தினார்கள். முகங்களுக்கு நடுவே குளிர்ச் சந்து, முதுகுகளுக்கு நடுவே வெப்பச் சந்து. சந்துகளுக்குக் கதவும் கூரையும் போட்டார்கள். அடுக்கில் கம்ப்யூட்டர் இல்லாத வெற்றிடங்களைச் சாதாரணத் தகடு வைத்து மூடினார்கள். விலை குறைந்த அந்தத் தகடு எனக்கு மிகவும் பிடித்த கருவி. மரத்தூளின் வேலையை அது செய்கிறது.

இன்னொரு வைத்தியம், அளவுக்கு மீறிக் குளிர வைக்காமல் இருப்பது. முன்பெல்லாம் இந்த அறைகளுக்குள் போனால் ஸ்வெட்டர் வேண்டும். கம்ப்யூட்டருக்கு அவ்வளவு குளிர் தேவையே இல்லை. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது பொறியாளர்களின் பரிந்துரை. நம் வீட்டு ஏசியிலும் இதே சங்கதிதான். 2020 முதல் இந்தியாவில் விற்கும் ஏசிகளைப் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டிவைத்தால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. விசிறியின் கணக்கு இன்னும் வியப்பானது. இந்த மையங்களில் ஓடும் பெரிய விசிறிகளின் வேகத்தைப் பாதியாக்கினால், அவற்றுக்குத் தேவையான மின்திறன் எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

பின்லாந்தில் ஹமினா என்ற ஊரில், பழைய காகித ஆலை ஒன்றை கூகுள் தரவு மையமாக மாற்றியது. அங்கே குளிர்ந்த கடல்நீரே வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. "நமக்கும்தான் மெரினா இருக்கே!" என்றாள் மேல்வீட்டுச் சிறுமி. இருக்கிறது, ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர வைக்கலாமா என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். அதைப் புரிந்துகொள்ள வீட்டு மண்பானையைப் பாருங்கள். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்திருந்தால் பானை நீர் ஜில்லென்று ஆகும். புழுக்கமான நாளில் ஆகாது. கொடியில் போட்ட துணி அன்றைக்குக் காயாது அல்லவா, அதே காரணம்தான்.

நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தினர் பயன்படுத்தும் கருவிகளில் ஈரக்குமிழ் வெப்பமானியும் ஒன்று. குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஆவியாதலால் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது காட்டிவிடும். மாதிரிக்கு, காற்று காய்ந்த ராஜஸ்தானில் வெயில் 40 டிகிரி அடிக்கும்போது ஈரக்குமிழ் 22 காட்டலாம். நம் ஊரில் 34 டிகிரியிலேயே அது 28 காட்டலாம். வெயில் அங்கே அதிகம், ஆனால் ஆவியாக்கிக் குளிர வைப்பது இங்கேதான் கடினம். அதோடு, ஆவியாகும் தண்ணீர் திரும்பி வராது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, தெருவெல்லாம் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். உங்கள் அண்ணன் அக்காவைக் கேட்டால் சொல்வார்கள். மின்சாரத்தை மிச்சம்பிடித்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால், சென்னை அதை வெற்றி என்று ஒப்புக்கொள்ளாது. அதனால் எத்தனை லிட்டர் நீர் செலவாயிற்று என்பதற்கும் தனி அளவு வைத்திருக்கிறார்கள்.

பி.யூ.இ.யிலும் ஏமாறும் இடங்கள் உண்டு. மார்கழி விடியற்காலையில் மட்டும் அளந்துவிட்டு, "பாருங்கள், எங்கள் எண் எவ்வளவு குறைவு!" என்று யாரும் சொல்லலாம். நன்றாக எழுதிய ஒரே ஒரு பரீட்சையின் மார்க்கை மட்டும் அப்பாவிடம் காட்டுவது போன்றது அது. ஆண்டு முழுவதும் அளக்க வேண்டும், அக்னி நட்சத்திரத்தையும் சேர்த்து.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் 150 யூனிட் மையத்தில் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிவிட்டு, அதே வேலையை 80 யூனிட்டில் முடிக்கும் புதியவற்றை வைக்கிறோம். வெப்பம் குறைந்ததால் மற்றச் செலவும் 50-லிருந்து 45-க்கு இறங்குகிறது. மொத்தம் 125. மின்சாரம் 25 யூனிட் மிச்சம்! இப்போது வகுத்துப் பாருங்கள்: 125-ஐ 80-ஆல் வகுத்தால் 1.56. செலவு குறைந்திருக்கிறது, எண்ணோ மோசமாகியிருக்கிறது! பி.யூ.இ. கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறது. உள்ளே கம்ப்யூட்டர் உருப்படியாக வேலை செய்கிறதா, சும்மா விழித்துக்கொண்டிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. சும்மா இருக்கும் கம்ப்யூட்டரும் மின்சாரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும். என்னைக் கேட்டால், விசிறியையும் ஏசியையும் சரிசெய்வதற்கு முன்பே, வேலையில்லாத கம்ப்யூட்டர்களைத் தேடி அணைக்க வேண்டும்.

"நம்ம வீட்லயும் சும்மா ஓடுறது இருக்குமா தாத்தா?" என்றாள். அளந்துதான் பார்க்க வேண்டும் என்றேன்.

எங்கள் மீட்டர்களில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. 3,200 முறை சிமிட்டினால் 1 யூனிட் என்று பொருள். ஒரு நிமிடத்தில் 16 முறை சிமிட்டினால் மணிக்கு 960 முறை. அதை 3,200-ஆல் வகுத்தால் 0.3. அதாவது அந்த நேரத்தில் வீடு 300 வாட் எடுக்கிறது. உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணால் வகுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்ப்பதோடு சரி, பெட்டியைத் தொடவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் விளக்கு, விசிறி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் சிறிது நேரம் அணைத்தார்கள். அவள் அப்பாவின் கைக்கடிகாரத்தோடு கீழே வந்து நின்றாள். எதுவும் ஓடவில்லை என்று நினைத்த வீட்டில், மீட்டர் நிமிடத்துக்கு 2 முறை சிமிட்டியது. கணக்குப் போட்டால் 37.5 வாட். மேலே ஓடிப்போய்த் தேடினாள். டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் செட் டாப் பாக்ஸ், அலமாரி மேல் வைஃபை பெட்டி, யாரும் உட்காராத கம்ப்யூட்டரின் யூ.பி.எஸ். மூன்றும் விழித்திருந்தன.

37.5 வாட் என்பது இரண்டு மாதத்தில் 54 யூனிட். 2016-ல் தமிழ்நாடு அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரத் தொடங்கியது 100 யூனிட். உங்கள் வீட்டு மீட்டர் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணி, நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.