விளையாட்டும் விதியும் – 12: சிதைவதற்கென்றே பூட்டிய சரீரம்

தாயக்கட்டையையும் சொக்கட்டானையும் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, அவ்விரண்டிலும் கட்டம் என்றைக்கும் மாறாதது என்பதையும், காய் நகர்வது மாத்திரமே கட்டையின் தயவில் நிற்கிறது என்பதையும் சொல்லியிருந்தேன். கட்டை காயை நகர்த்துவதை விட்டுக் கட்டத்தையே வரையத் தொடங்கினால் ஆட்டம் என்னவாகும்? வீடுகள் ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறும். நேற்றுக் கற்ற வழி இன்றைக்கு உதவாது. விபரீதமாகத் தோன்றும் இந்த யோசனையிலிருந்து பிறந்த விளையாட்டு வமிசமொன்று கணினியுலகில் உண்டு. அதன் ஒரு கிளை இராட்சத ரோபோக்களோடு சம்பந்தம் செய்துகொண்ட கதையை இவ்வாரம் சொல்லப் புகுகிறேன்.

அவ்வமிசத்தின் ஆதிபுருஷன் 1980ஆம் ஆண்டை ஒட்டிக் கலிபோர்ணியாவிலே தோன்றினான். சாந்தா குரூஸ் சர்வகலாசாலையில் மாணாக்கராயிருந்த மைக்கேல் டோய், கிளென் விச்மன் என்னும் இருவர் தொடங்கி, பின்னர் பெர்க்லியிலே கென் ஆர்னல்ட் என்பாரும் கூடிச் செப்பனிட்ட 'ரோக்' என்ற அவ்விளையாட்டில் சித்திரமென்று ஒன்றுமே கிடையாது. மின்னஞ்சல் முகவரியின் நடுவே நாம் இடுகின்ற சுழிக்குறிதான் வீரன். ஆங்கில நெடுங்கணக்கின் 26 பேரெழுத்துக்களும் 26 விதமான பூதங்கள். பாதாளத்தின் ஆழத்தில் 'யெண்டோர் தாயத்து' என்ற ஒன்று கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். ஒவ்வொரு தளத்தையும் மூன்றுக்கு மூன்றாகப் பகுத்து, எந்தப் பகுதியில் எவ்வளவு பெரிய அறையை வைப்பது, அறைகளை எந்த நடைவழிகளால் இணைப்பது என்பவற்றைக் கணினி அந்தந்த வேளையிலே குலுக்கிப்போட்டு நிர்ணயிக்கும். மருந்துகளின் நிறங்கூட நிலையானதன்று. நேற்றுக் காயத்தை ஆற்றிய நீலத் திரவம் இன்று குடித்தவனின் கண்ணைக் கெடுக்கும். வீரன் மாண்டால் மாண்டதுதான். ஆட்டத்தை இடையில் நிறுத்திச் சேமித்து வைக்கலாமாயினும், சேமித்ததைத் திரும்பத் திறந்த மாத்திரத்தில் அந்தப் பிரதி அழிந்துபோகும்படி செய்திருந்தார்கள். செய்த பிழையை இல்லையென்றாக்கிப் பின்னோக்கிச் செல்லும் வாயிலை இவ்வாறு அடைத்துவிட்டார்கள்.

இதன் சந்ததிகளை 'ரோக் போன்றவை' என்றே உலகம் வழங்குகிறது. இன்னின்ன இலட்சணங்கள் பொருந்தியதே இவ்வினத்தைச் சேர்ந்தது என்று 2008ஆம் ஆண்டில் பெர்லின் நகரிலே கூடிய படைப்பாளரும் ரசிகரும் ஓர் இலக்கணமே வகுத்தார்கள். இலக்கணம் வகுத்த அதே ஆண்டில் டெரெக் யூ என்பவர் 'ஸ்பெலங்கி'யை வெளியிட்டு, ஆறவமர யோசித்து நகர்த்தும் பழைய முறையைக் கைவிட்டு, ஓட்டமும் பாய்ச்சலுமான ஆட்டத்திலும் இந்த மரணநியதியைப் புகுத்தலாம் என்று காட்டிவிட்டார். இலக்கணகாரர்களுக்கு எப்போதும் நேர்வதுதான்.

இனி இராட்சதர்களிடம் வருவோம். அவர்களுடைய பிறப்பிடம் யப்பான். 1956ஆம் ஆண்டில் மிட்சுதெரு யொகொயாமா வரையத் தொடங்கிய 'தெற்சுஜின் 28'இல், யுத்தத்துக்கென்று திட்டமிட்ட ஓர் இரும்புப் பூதத்தைச் சிறுவனொருவன் தன் கையிலுள்ள கருவியினால் தூரத்தில் நின்று ஏவுகிறான். ஏவுகின்ற கருவி எவன் கையிற் சிக்குகிறதோ அவனுக்கே அது அடிமை. நன்மையும் தீமையும் அதற்கு ஒன்றுதான். 1972இல் கோ நகாய் படைத்த 'மசிங்கர் சி'யிலே சிறுவன் ஒரு சிறு விமானத்தோடு பூதத்தின் தலைக்குள்ளேயே சென்று இறங்குகிறான். அன்றைக்கு மனிதன் அதன் எசமானன் என்ற நிலையிலிருந்து அதன் ஆன்மா என்ற நிலைக்கு உயர்ந்தான் என்று சொல்லலாம். 1979இல் யொஷியுகி தொமினோவின் 'கண்டம்' வந்தபோதோ, தெய்வாம்சமெல்லாம் கழன்று, பூதம் படைக்கலச் சாலையின் ஒரு தளபாடமாயிற்று; அதற்குத் தோட்டா தீரும், மூட்டுத் தேயும், உதிரிப்பாகம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து பண்டாய் நிறுவனத்தார் அந்த உருவங்களை உதிரித் துண்டுகளாக விற்கத் தொடங்க, கோடிக்கணக்கான சிறுவர்கள் தத்தம் மேசைகளில் வைத்து அவற்றைப் பூட்டினார்கள். இராட்சதனைத் தன் கையால் பூட்டுவதிலே ஒரு சுகம் உண்டென்பது அப்போது வெளிப்பட்டது.

அந்தச் சுகத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தவற்றுள் தலையாயது, தோக்கியோவிலுள்ள புரொம் சொவ்ற்வெயர் நிறுவனத்தார் 1997இல் வெளியிட்ட 'ஆர்மர்ட் கோர்'. தலை, நடுவுடல், கை, கால், மின்னாக்கி, உந்துபொறி, குறிபார்க்கும் கருவி, ஆயுதங்கள் என்று அங்கம் அங்கமாக விலைக்கு வாங்கி ஒரு சரீரத்தை உண்டாக்க வேண்டும். மனிதனுடையவை போன்ற கால்களுண்டு, பறவையினுடையவை போலப் பின்னோக்கி மடிபவை உண்டு, நான்காக அமைந்த கால்களும் உண்டு, தாங்கியினுடையதைப் போன்ற சங்கிலிச் சக்கரமும் உண்டு. ஒவ்வொரு காலும் சுமக்கக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை. மின்னாக்கி தரக்கூடிய சக்திக்கும் ஓர் எல்லை. தோளிலே பெரிய பீரங்கியை ஏற்றினால் கால் தாங்காது. கனத்த காலைப் பூட்டினால் வேகம் போய்விடும். வேகத்தை மீட்க உந்துபொறியை மாற்றினால் மின்சாரம் போதாது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் தீவகத்துப் பெடியன்கள் கொக்குப்பட்டத்துக்கு விண் பூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் உடனே விளங்கும்: பெரிய விண் நன்றாகக் கூவும், ஆனால் பட்டம் எழும்பாது, முச்சையை மாற்றிக் கட்டி எழுப்பினால் தலை குத்தும், வாலை நீட்டினால் குத்துவது நிற்கும், மறுபடியும் கனம் கூடிவிடும்.

அவ்விளையாட்டிலே ஒரு விசித்திரமும் உண்டு. கூலிக்குப் போர்புரிபவனாகிய நம்முடைய வருமானத்திலிருந்தே திருத்தக் கூலியும் தோட்டாவின் விலையும் கழிக்கப்படும். மோசமாக ஆடிக் கடன் மேல் கடனாகச் சேர்ந்து ஓர் எல்லையைக் கடந்துவிட்டால், நம்மைப் பிடித்துச் சரீர பரிசோதனைக்கு உட்படுத்தி, முன்னில்லாத சில சக்திகளோடு ஆட்டத்தின் ஆரம்பத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தோற்றவன் வேறு உடலோடு முதலிலிருந்து வருவது என்ற ஏற்பாட்டை, ரோக் வமிசத்தோடு எவ்வித உறவும் கொண்டாடாமலே இவர்கள் தொட்டுவிட்டார்கள். இரண்டு குலமும் ஒன்றுகூடுவதற்கு வழி அங்கேயே திறந்து கிடந்தது.

கூடியது 2015இல். கியோத்தோவிலிருந்து இயங்கும் 17-பிட் என்ற சிறு நிறுவனத்தில், ஜேக் கஸ்டால் என்ற அமெரிக்கரின் தலைமையிலே உருவான 'கலக்-சி', பழைய யப்பானியக் கேலிச்சித்திரத் தொடர்களின் சாயலை வேண்டுமென்றே பூசிக்கொண்ட விளையாட்டு. அதனைப் பருவங்களாகவும், ஒரு பருவத்தை ஐந்து அத்தியாயங்களாகவும் பிரித்திருக்கிறார்கள். நான்காம் அத்தியாயத்திலே மாண்டாலும் அப்பருவத்தின் முதல் அத்தியாயத்துக்கே திரும்ப வேண்டும். இடையில் வாங்கிப் பூட்டிய கருவிகளெல்லாம் போயின. விண்கற்களின் குகைகளும் வேறு விதமாக வரையப்பட்டுவிடும். முதலில் விமானமாக மாத்திரம் இருக்கும் நம்முடைய கலம் இரண்டாம் பருவத்தில் இராட்சத ரோபோவாக உருமாறும் சித்தியைப் பெறுகிறது. விமானமாயிருக்கையில் தூரத்திலிருந்து சுடலாம். ரோபோவாக மாறினால் வாளும் கேடயமும் கைக்கு வரும், எதிர்ப்பட்டதைப் பற்றியிழுத்து எறியவும் இயலும்.

இதை நான் கிட்ட இருந்து பார்த்தது எங்கள் தீவிலுள்ள என் ஊராகிய கரம்பொன்னில், ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் விறாந்தையில் குந்தியிருந்து கையடக்கக் கருவியொன்றில் ஆடிக்கொண்டிருந்தபோது. கலத்தின் உந்துபொறியை அவன் அழுத்தியவுடன் அதைச் சுற்றி ஒரு வட்டம் விரிந்தது. அது நாம் எழுப்பும் ஓசையின் எல்லையாம். அந்த வட்டத்துக்குள் அகப்பட்ட பகைவன் திரும்பிப் பார்ப்பான். ஆகையால் அவன் பொறியை நிறுத்திவிட்டு, முன்பு பெற்ற வேகத்திலேயே சத்தமில்லாமல் மிதந்து, பேரரசின் படைக்கும் விண்வெளிப் பூச்சிக்கூட்டத்துக்கும் இடையிலே போய் நின்று, ஒருமுறை பொறியை உறுமவிட்டுப் பின்வாங்கினான். இரு சாராரும் ஒருவர்மேலொருவர் பாய்ந்தார்கள். பிரித்தாளும் தந்திரத்தைப் பன்னிரண்டு வயதிலே இத்தனை இலேசாகக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் வேறில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கையில், பின்னால் வந்த ஏதோ ஒன்றினால் அவன் கலம் வெடித்துச் சிதறியது.

“ஐயோ தம்பி, இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் போச்சே!”

“போகட்டும் மாமா. சாமான்தானே போனது, எனக்குக் கை பழகியிட்டுதெல்லோ.”

அவன் அசட்டையாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலே, இரண்டு குலங்களின் விவாகத்தில் உள்ள சுவாரசியமான முரண்பாடு அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. இராட்சத ரோபோ என்பது உடைமையின் விக்கிரகம்: என்னுடையது, என் கையால் பூட்டியது, எனக்காகவே பெருத்த தேகம் என்னும் மமகாரத்தின் உச்சம். அதனாலேதான் சிறுவர்கள் அதனை மேசையிலே நிறுத்திவைத்துத் தூசி தட்டுகிறார்கள். ரோக் வமிசத்தின் நியதியோ அந்த விக்கிரகத்தை நாள்தோறும் கரைப்பது. கரைத்தபின் மிஞ்சுவது ஆடுபவனுடைய அப்பியாசம் ஒன்றே. எந்தக் காலுக்கு எந்தத் தோள் பொருந்தும், எந்த வேளையில் பொறியை நிறுத்த வேண்டும் என்ற ஞானம் கருவிக்குள்ளே சேமிக்கப்படாமையால், அதனை அழிக்கவும் கருவியால் இயலவில்லை. இந்தக் கண்டிப்பைச் சகியாத ஆட்டக்காரருக்காகக் கலக்-சியின் ஆசிரியர்களே பின்னாளில் இளகிய முறையொன்றைச் சேர்த்தார்கள். அது வியாபாரத்துக்கு உதவியிருக்கலாம், ஆட்டத்துக்கு உதவவில்லை என்பது என் அபிப்பிராயம். 2018இல் சப்செற் கேம்ஸ் வெளியிட்ட 'இன்ரு த பிரீச்' இதைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் மூன்று ரோபோக்களை வைத்து ஆறுதலாக யோசித்து ஆடும் அவ்விளையாட்டிலே, உலகம் கைவிட்டுப் போகும்போது ஒரேயொரு விமானி மட்டும் வேறொரு காலப்பிரவாகத்துக்குத் தப்பிச் செல்லலாம். எந்திரமெல்லாம் போய் அனுபவஸ்தன் ஒருவன் மாத்திரம் மிஞ்சுகிறான். மருமகன் சொன்னதையே அவர்கள் விதியாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

இழப்பைப் பற்றி இவ்வளவு உற்சாகமாக எழுதுகிறவன், தான் எந்த ஊரிலிருந்து எழுதுகிறான் என்பதை மறந்துவிடலாகாது. 1990இல் யுத்தத்தினால் இத்தீவை விட்டு வெளியேறி, ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிவந்து, கூரையற்ற வீட்டிலே அடுப்பு மூட்டியவர்களிடம் சென்று முதலிலிருந்து தொடங்குவதன் மேன்மையைப் பேசுவது அபசாரம். அங்கே போனது சாமான் மாத்திரமன்று. பொத்தானை அழுத்தினால் புதுக்கலம் வருமென்ற நிச்சயம் இருப்பதனாலேயே விளையாட்டில் இழப்பது இனிக்கிறது. அந்த நிச்சயம் இல்லாத இடத்துக்கு இந்த உபமானத்தை இழுத்துச் செல்ல எனக்கு மனமில்லை.

தமிழருடைய கை இத்துறையில் படவில்லையா என்று கேட்பவர்களுக்கு, ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வைச் சொல்லலாம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் அடுப்படியைக் களமாகக் கொண்ட அவ்விளையாட்டு, மறு ஆண்டில் பிரித்தானியத் திரைக் கலைக்கழகமாகிய பாவ்தாவின் விருதையும் பெற்றது. அழிந்துபோன சமையற்குறிப்பின் எஞ்சிய வரிகளை வைத்து இட்டலி அவிக்கவும் புட்டு அவிக்கவும் ஊகித்துப் பழக வேண்டும். அங்கே இராட்சதர்கள் இல்லை. தமிழிலே இராட்சத யந்திரத்துக்கு முன்மாதிரி இல்லாமற் போனதனால் அவர்கள் வராமல் இருக்கவில்லை.

தமிழைப் பிறமொழி இலக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த தனிநாயகம் அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறவனுக்கு, தமிழ்ப் பொருளொன்றைப் பிறநாட்டுப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூச்சம் வேண்டியதில்லை. உச்சயினி மன்னனாகிய பிரச்சோதனன், யானைமேல் தீராத மோகங்கொண்ட உதயணனைப் பிடிப்பதற்கு, பொய்யானை ஒன்றைச் செய்வித்து அதற்குள்ளே படைவீரரை ஒளித்து வனத்தில் விடுத்தான். யாழினால் மதகரியையும் வசப்படுத்தவல்ல உதயணன், கேளாச் செவியுடைய அந்த யானையை நெருங்கிச் சிறைப்பட்டான். இச்சரிதத்தைத் தமிழிலே பாடியது கொங்குவேளிரின் பெருங்கதை. 1924இல் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தபோது முதலும் முடிவும் கிடைத்தில. ஆகவே அந்த யானையை எப்படிப் பூட்டினார்கள் என்று கற்பித்துக்கொள்வதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.

அதைக் கற்பிக்கும் வேலையை ஓர் ஆட்டக்காரனிடம் விட்டால் என்ன செய்வான்? உள்ளே இருத்தும் வீரர் தொகை கூடினால் பிடிப்பது சுலபம், ஆனால் நடை தளரும். காலுக்கு இரும்பு பூட்டினால் பாரம் தாங்கும், ஆனால் சருகு மிதிபடும் ஓசை எழும். காது அசைவதற்கு ஒருவனை ஒதுக்கினால் வாளெடுக்க ஒருவன் குறைவான். காடோ ஒவ்வொரு முறையும் வேறு காடு. அகப்பட்டுக்கொண்ட யானை எரிக்கப்பட்டுவிடும், அடுத்ததைத் தச்சரிடமிருந்து முதலிலிருந்தே தொடங்க வேண்டும். எதிரே வருகிறவனோ யானைசாத்திரத்தைக் கரைகண்டவன். மெய்யான களிறு யாழைக் கேட்டால் எப்படி நிற்கும் என்பதை அறியாதவன் நடத்தும் யானை, முதல் நரம்பு ஒலித்தவுடனேயே அவனிடம் பிடிபட்டுவிடும்.