வயிற்றுவலிக்குப் பின்னால் ஒரு கைத்தொலைபேசி



வளைகுடாவின் கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு வெளியே போய் விளையாட வழியில்லை. வெயில் 45 பாகையைத் தாண்டும். அப்பா வேலை முடிந்து வர இரவாகிவிடும். இரண்டு மாதமும் அடுக்குமாடி வீட்டுக்குள், கைத்தொலைபேசியோடுதான். அதன்பின் வயிற்றுவலி, தலையிடி, நித்திரையின்மை என்று எம்மிடம் அழைத்து வரப்படும் பிள்ளைகளில் பலருக்கு அது சாதாரண வருத்தமே. சிலருக்கு மட்டும் எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் அகப்படாது. அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டால், யாரோ தன் படத்தை வைத்து மிரட்டுவதாகச் சொல்லி அழும்.

பெண் பிள்ளை உள்ள வீட்டார்தான் பயப்பட வேண்டும் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் படத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் மிரட்டலில் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயது வரையான ஆண் பிள்ளைகளே என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்துள்ளது. இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணின் பெயரில் நட்பு வரும். பேச்சு வேறொரு செயலிக்கு மாறும். "அவள்" ஒரு படம் அனுப்பி, பதிலுக்கு ஒன்று கேட்பாள். பையன் அனுப்பிய சில நிமிடங்களிலேயே, "பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் நண்பர்கள் எல்லாருக்கும் போகும்" என்று செய்தி வரும். பணம் கொடுத்தால் தொல்லை தீராது. கொடுப்பவன் என்று தெரிந்ததும் இன்னும் கேட்பார்கள்.

இதில் அவர்களுக்குப் பெரிய துணை, பிள்ளை வீட்டில் சொல்லாது என்ற நம்பிக்கைதான். பொள்ளாச்சியில் முகநூல் வழியாகப் பழகி, படமெடுத்து மிரட்டிய கும்பல் பல பெண்களைச் சீரழித்தும் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அந்தப் பயமே. 2019 பெப்ரவரியில் 19 வயது மாணவி ஒருவர் வீட்டில் சொன்னார். வீட்டார் அவர் பக்கம் நின்றார்கள். புகார் கொடுத்தவரின் அடையாளம் பொலிஸ் தரப்பிலிருந்தே வெளியான அவலமும் நடந்தது. ஆயினும் 2025 மே 13 இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

நாங்கள் அகதியாக ஊர் மாறியவர்கள். வாய் திறந்தால் ஆபத்து என்றே வளர்ந்தோம். இங்கும், பொலிசுக்குப் போனால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று பெற்றோர் ஒடுங்கிப் போவது எமக்குப் புரிகிறது. ஆனால் அமீரகத்தின் 2021 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்கச் சட்டம், இணையவழியில் மிரட்டுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. மானத்தைத் தொடும் மிரட்டல் என்றால் சிறை பத்து ஆண்டு வரை போகலாம். சவூதியிலும் 2007 முதல் இதற்குச் சட்டம் உண்டு.

ஆகவே பிள்ளை சொன்னால் முதலில் ஏசாதீர்கள், அடிக்காதீர்கள். "சொன்னது நல்லது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிட வேண்டாம், அதுதான் சாட்சி. திரைப்பதிவு எடுத்து வையுங்கள். பதில் எழுதாமல், அந்தக் கணக்கைப் பற்றி இன்ஸ்டாகிராமுக்கும் முறையிடுங்கள். துபாயில் 901, அபுதாபியின் அமான் சேவை 8002626, சிறுவர் பாதுகாப்புக்கு உள்துறை அமைச்சின் 116111. பதினெட்டு வயதுக்குள் எடுத்த படமென்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாமலே அதன் இலக்க அடையாளத்தை மட்டும் பெற்று, சேர்ந்துள்ள தளங்களில் அதைத் தடுக்க உதவும்.

இன்னொன்று: ஆத்திரத்தில் மிரட்டியவனின் படத்தையும் பெயரையும் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அதே சட்டம் அடுத்தவர் படத்தை அனுமதியின்றி வெளியிடுவதையும் இணையத்தில் இழிவுபடுத்துவதையும் குற்றமாக்கியுள்ளது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள்மேல் திரும்பலாம்.

மிரட்டலுக்குப் பின் பிள்ளை சாப்பிடாமல், நித்திரையின்றி, "நான் இருந்து என்ன" என்ற மாதிரிக் கதைத்தால், அன்றிரவு தனியே விடாதீர்கள். இதனால் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.