ஆடியிலேயே தொடங்கிவிடும் சீசன்

பறவை பார்ப்பது என்றால் பலருக்கும் மார்கழி, தை மாதங்கள்தான் நினைவுக்கு வரும். வேடந்தாங்கலுக்குக் குடும்பத்தோடு போய்வருவதும் அப்போதுதான். சென்னைப் பறவை ஆர்வலர்களைக் கேட்டால், சீசன் ஆடியிலேயே தொடங்கிவிடும் என்பார்கள். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் துரைப்பாக்கம்-பல்லாவரம் ரேடியல் சாலையோரம் பைக்கை நிறுத்திவிட்டு, பைனாகுலரைப் பள்ளிக்கரணைச் சதுப்பின் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பவர்கள் இவர்கள்தான்.

வெயில் கொளுத்தும் அந்தச் சமயத்தில் அங்கே என்ன இருக்கிறது? சேறு இருக்கிறது. சென்னையின் பெருமழை அக்டோபரில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய மாதங்களில் சதுப்பின் ஓரங்களில் தண்ணீர் வற்றி, கணுக்கால் அளவுகூட ஆழமில்லாத சகதி வெளியே தெரியும். புழுவும் சிறு பூச்சிகளின் இளம்பருவங்களும் அதில்தான் மண்டிக் கிடக்கின்றன. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற குட்டைக்கால் பறவைகளுக்கு இதைவிட நல்ல சாப்பாட்டு இடம் கிடையாது. நவம்பரில் ஏரி நிரம்பி, படம் எடுக்க அழகாக இருக்கும்போது, இவற்றில் பல ஆழம் குறைந்த வேறு இடம் தேடிப் போய்விடும்.

முதலில் வந்து சேர்பவற்றில் ஒன்று பொரி உள்ளான். கர்லூ சேண்ட்பைப்பர் என்று ஆர்வலர்கள் சொல்லும், முனை வளைந்த அலகுள்ள இன்னோர் உள்ளானின் கதை அதைவிடச் சுவையானது. அதன் பிறந்த வீடு சைபீரியாவின் வடகோடியில் உள்ள ஆர்க்டிக் சமவெளி. அங்கே கோடை என்பது சில வாரங்கள்தான். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் முழுக்கப் பெட்டையின் பொறுப்பு. அடைகாக்கும் வேலை தொடங்கும்போதே ஆண் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். பிறகு பெட்டை புறப்படும். அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் கடைசியாக, வழிகாட்டத் தாயோ தந்தையோ இல்லாமல், தாங்களாகவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருகின்றன.

ஆகவே ஆகஸ்டில் இங்கே வந்து இறங்குபவை பெரும்பாலும் வளர்ந்த பறவைகள். இனப்பெருக்கக் காலத்தின் செங்கல் சிவப்பு அவற்றின் மார்பிலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும். மார்கழியில் வருகிறவர்களுக்குச் சாம்பல் நிறப் பறவைதான் பார்க்கக் கிடைக்கும். அனுபவப்பட்டவர்கள் ஆடி வெயிலில் காய்வதற்கு இந்தச் சிவப்பே போதுமான காரணம்.

முதல் பறவை எந்தத் தேதியில் வந்தது என்பதுதான் இவர்களுடைய நோட்டுகளில் முக்கியமான வரி. 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கம் போன்ற அமைப்புகளில் இந்தப் பழக்கம் நெடுநாளாக உண்டு. 2007-இல் ‘மைக்ரன்ட்வாட்ச்’ என்ற திட்டம் இதையே நாடு தழுவிய வேலையாக்கியது. வலசை வரும் சில பறவைகளை உங்கள் ஊரில் முதலில் என்றைக்குப் பார்த்தீர்கள் என்று அது சாதாரண மக்களிடம் கேட்டது. பின்னால் அந்தத் தகவல்கள் ‘இ-பேர்ட்’ தளத்தோடு சேர்ந்துகொண்டன. வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று யார் வேண்டுமானாலும் கால் மணி நேரம் நின்று, பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணி அதில் பதியலாம். ‘எல்லா’ என்பது இங்கே முக்கியம். பட்டியல் முழுமையாக இருந்தால்தான், பார்க்காமல் விட்டது எது, அங்கே இல்லாதது எது என்று பிரித்தறிய முடியும். அபூர்வப் பறவையை மட்டும் பதிந்துவிட்டு மைனாவையும் காக்கையையும் விட்டுவிடுபவர்களின் பட்டியலால் ஆய்வாளர்களுக்கு அவ்வளவு பயனில்லை.

இந்தச் சிறு பட்டியல்கள் சேர்ந்து என்ன ஆயின? 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருந்தன. வலசை வரும் கரையோரப் பறவைகள் அதிகம் சரிந்த கூட்டங்களில் ஒன்று. ரேடியல் சாலையோரம் எண்ணப்படும் உள்ளான்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

பறவைக்கு வந்தவர்கள் பூச்சிக்கும் மாறிவிடும் காலம் இது. ஆவணியில் ஒரு மாலை மழை பெய்து ஓய்ந்தால் ஈசல் கிளம்பும். கரிச்சானும் காக்கையும் விருந்து கொண்டாடும். விளையாட்டு மைதானங்களுக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் நூற்றுக்கணக்கில் தாழப் பறக்கும். மழை வரப்போகிறது என்று பெரியவர்கள் சொல்வதில் பொருளிருக்கிறது. மழையில் தேங்கும் தற்காலிகக் குட்டைகள்தான் இந்தத் தட்டான் முட்டையிடும் இடம். குட்டை வற்றுவதற்குள், சுமார் ஆறு வாரத்தில், குஞ்சு வளர்ந்து சிறகு முளைத்துப் பறந்துவிடும்.

எங்கே பறக்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு தேதிக் குறிப்பில்தான் தொடங்கியது. மாலத்தீவில் வசித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஒவ்வோர் அக்டோபரிலும் தட்டான்கள் கூட்டமாக வந்து இறங்குவதைக் கவனித்துக் குறித்துவந்தார். தட்டான் பெருகும் அளவுக்கு நன்னீர் இல்லாத பவளத்தீவுகளில் இவ்வளவு தட்டான் எப்படி? இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து, காற்றின் போக்கில் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-இல் எழுதினார். போய்த் திரும்பும் முழுச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு. ஒரே தட்டான் இதை முடிப்பதில்லை. சுமார் நான்கு தலைமுறைகள் பங்குபோட்டு முடிக்கின்றன. தட்டான் தின்னும் அமுர் வல்லூறும் ஏறக்குறைய அதே பருவத்தில் அரபிக்கடலைத் தாண்டுகிறது. கட்டுச்சோறு கூடவே பறந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டாம்பூச்சிக்காரர்களுக்கு செப்டம்பர்தான் பெரிய மாதம். 2020 முதல் நாடு முழுவதும் அந்த மாதத்தில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பருவத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சமவெளிக்கு வந்த நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை கூட்டமாக மேற்கே திரும்பும்.

இவற்றைத் தேட மலையேற வேண்டியதில்லை. காலி மனைகளில் முளைக்கும் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் போதும். காய்ந்த தண்டிலும் உதிர்ந்த இலையிலும்கூட இந்த இனங்களின் ஆண்கள் மொய்த்துக்கொண்டு சாறு உறிஞ்சும். அதிலுள்ள கசப்பு வேதிப்பொருளைக் கொண்டுதான் பெண்ணை ஈர்க்கும் மணத்தை அவை தயாரிக்கின்றன. அதே பொருள் எதிரிகளுக்கு அவற்றின் உடம்பைக் கசப்பாக்கவும் உதவுகிறது. மழைக்கு முன் மனையைச் சுத்தம் செய்கிறோம் என்று இந்தச் செடிகளையெல்லாம் வழித்தெடுப்பதும் சரியாக இதே மாதங்களில்தான் நடக்கிறது. வேலி ஓரத்தில் நாலு செடியை விட்டுவைத்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டம் எதுவுமில்லை. காலை வெயில் ஏறிய பிறகு அங்கே போய்ப் பார்ப்பவர்கள், படம் எடுத்தால் இறக்கையின் மேற்புறத்தோடு அடிப்புறத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது. நீல வரியனையும் கருநீல வரியனையும் பிரித்துச் சொல்ல, பதிவைச் சரிபார்ப்பவருக்கு அது உதவும்.