மீண்டும் ஸ்கேன் எடுப்பது ஏன்?

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையை அளவிட, கணினி அதனைச் சாம்பல் நிறப் பகுதி, வெண்ணிறப் பகுதி, மூளைத் தண்டுவடத் திரவம் எனப் பிரிக்கிறது. பின்னர் ஒரு பொது மாதிரியுடன் பொருத்துகிறது. மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் நலமுள்ள 152 பேரின் படங்களைச் சராசரியாக்கி உருவாக்கியது அத்தகைய மாதிரிகளுள் ஒன்று.

படமெடுக்கையில் தலை அசைந்தால் பகுதிகளின் எல்லை மங்கும். சாம்பல் நிறப் பகுதி உள்ளதைவிடக் குறைவாகக் கணக்கிடப்படலாம். அதுவே மூளைச் சுருக்கம்போல் தோன்றக்கூடும். பக்கவாதத் தழும்போ கட்டியோ மாதிரியில் இல்லை. ஆகவே கணினி அவ்விடத்தைத் தவறாக இழுத்தோ சுருக்கியோ பொருத்தலாம். வல்லுநர் அப்பகுதியை விலக்கிவிட்டு, மறுபடி பொருத்தி, கண்ணால் சரிபார்ப்பார்.

மீண்டும் படமெடுக்க அழைத்தால், நோய் முற்றியதென உடனே அஞ்ச வேண்டியதில்லை, காரணத்தைக் கேட்டறியுங்கள். பழைய படங்களையும் அறுவை சிகிச்சைக் குறிப்புகளையும் உடன் கொண்டு வாருங்கள். படமெடுக்கும்போது தலையை அசைக்காதிருங்கள்.